பக்கத்துக் காணியில் குழி, எங்கள் சுவரில் வெடிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறோம். 1960களில் அப்பா கட்டிய வீடு, கருங்கல் அத்திவாரம். இத்தனை வருடம் அசையாத வீட்டில், போன வருடம் அறைக்கதவு நிலையில் இடிக்கத் தொடங்கியது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று தச்சரைக் கூப்பிட்டுச் சீவினோம். இரண்டு மாதத்தில் மறுபடியும் சீவினோம். அப்புறம்தான் ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்திறங்கும் வெடிப்பு கண்ணில் பட்டது. ஐந்து ரூபாய்க் குற்றியின் விளிம்பு அதற்குள் போனது.

அந்த நாட்களில்தான் பக்கத்துக் காணியில் மாடிக் குடியிருப்புக்கு நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் தோண்டினார்கள். இரவு பகலாக பம்ப் ஓடியது. தண்ணீர் எங்கள் வாசல் கானில் விழுந்தது. கானைத் துப்புரவாக்கியபோது அடியில் இரண்டு வாளி மணல். அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. நிலத்தடி நீர்மட்டம் இறங்கினால் மண் நெருங்கி அமரும். பம்ப் மணலையும் சேர்த்து இழுத்தால் அத்திவாரத்தின் கீழே பொந்துதான். உமா ஓயா நீர்த்திட்டத்துக்குத் தோண்டிய சுரங்கத்துக்குள் நீர் புகுந்தபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்த செய்தியை வாசித்தவள்தான் நான். மலைநாட்டுச் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

கட்டுகிறவர்களிடம் போனால், "பழைய வீடு அம்மா, முந்தியே வெடித்திருக்கும்" என்றார்கள். இல்லையென்று காட்ட ஒரு படமும் இல்லை. இருந்தது பேத்தியின் பிறந்தநாள் படம். அதிலும் அந்த மூலையை பலூன் மறைத்திருந்தது.

பெரிய வேலை தொடங்குமுன் அயல்வீட்டுச் சுவர்களைப் படமெடுத்துப் பதிவது புதிய விஷயமல்ல. அந்தப் பதிவின் பிரதி வீட்டுக்காரர் கைக்கு வந்த பிறகே குழி தோண்ட விடவேண்டும். மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் இதைக் கட்டாயமாக்கட்டும்.

அதுவரை, பக்கத்தில் தகர வேலி எழும்பிய அன்றே, அன்றைய பத்திரிகையைச் சுவரோடு பிடித்துப் படமெடுங்கள். வெடித்தால் உடனே சீமெந்து பூசாதீர்கள். வெடிப்பு முடியும் இடத்தில் பென்சில் கோடும் திகதியும் போட்டு, குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டுங்கள். சுவர் இன்னும் அசைந்தால் அது உடையும். எங்களுடையது மூன்றாம் கிழமை உடைந்தது. பம்ப் நின்ற பிறகு ஒட்டியது இன்னும் முழுசாக இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பொறியியலாளர், அத்திவாரத்தின் கீழே தோண்டி கொங்கிரீட் போடும் பெரிய செலவு இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

இரண்டு தரம் சீவிய கதவு மட்டும், மூடினாலும் மூலையால் ஹோல் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06