அடிபட்ட கர்ப்பிணியை எந்த வார்டில் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டு, பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த பெண் விழுவது நம் ஊர்களில் புதிதில்லை. அந்தப் பெண் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தால் ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கேஷுவாலிட்டியில் "இது பிரசவ கேஸ், அங்கே போங்க" என்பார்கள். பிரசவ வார்டில் "அடிபட்ட கேஸ், முதல்ல கட்டுப் போட்டுட்டு வாங்க" என்பார்கள். நடுவில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு அலைவது வீட்டு ஆட்கள்.

என் சித்தி மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் டிடி ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்து, "குழந்தைத் துடிப்பு நல்லா இருக்கு" என்று உடனே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி வயிறு கல்லு மாதிரி இறுகியது, இறுகினது தளரவே இல்லை. ரத்தம் ஒரு சொட்டுகூட வெளியே வராததால் வீட்டில் சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, பக்கத்து வீட்டு நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் 108-ஐக் கூப்பிடச் சொன்னார். அரசு மருத்துவமனையில் அவசரமாக ஆபரேஷன் செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார்கள்.

நடந்தது இதுதான். கர்ப்பப்பை அடி வாங்கினால் வளைந்து கொடுக்கும், குழந்தைக்கு ரத்தம் கொண்டுபோகும் நஞ்சு (பிளாசென்டா) அப்படி வளைந்து கொடுக்காது, அதனால் அது பிய்த்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டும். சின்ன விழுகையிலும் இப்படி ஆகலாம், சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவும் வரலாம். ஸ்கேனில் இது பல நேரம் தெரியாது! அதனால்தான் ஐந்தாறு மாதம் தாண்டியவர் விழுந்தாலோ வயிற்றில் அடிபட்டாலோ குறைந்தது 4 மணி நேரம் சிடிஜி மெஷினில் குழந்தைத் துடிப்பையும் வயிறு இறுகுவதையும் பார்க்க வேண்டும், வலியோ ரத்தப்போக்கோ இருந்தால் 24 மணி நேரம் படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. ஒரு கட்டிலும் ஒரு மெஷினும் போதும், இதற்குப் பெரிய செலவு என்ன?

பி.பி. நார்மல் என்பதை வைத்தும் நிம்மதி அடைய முடியாது. கர்ப்பிணிக்கு ரத்தம் வழக்கத்தைவிட ஏறக்குறைய பாதி அளவு கூடுதலாக ஓடுவதால், லிட்டர் கணக்கில் போன பிறகுதான் பி.பி. இறங்கும், அதற்குள் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். ஆம்புலன்ஸில் மல்லாக்கப் படுக்க வைத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், இடப்பக்கம் சாய்க்க வேண்டும். முதுகெலும்பில் அடி என்று சந்தேகம் இருந்தால் பலகையோடு சேர்த்துச் சாய்க்கலாம். நெகட்டிவ் ரத்தப் பிரிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடம்பு எதிர்க்காமல் தடுப்பது) போட வேண்டும். இதெல்லாம் நினைவில் வைத்திருக்க ஆள் வேண்டும், அந்த ஆள் எலும்பு டாக்டரா பிரசவ டாக்டரா என்ற குழப்பத்தில்தான் விட்டுப்போகிறது. அப்புறம் எக்ஸ்ரே. வீட்டார் பயப்படுவது புரிகிறது, ஆனால் டாக்டர்களே தயங்குவது புரியவில்லை. கை கால் எக்ஸ்ரேயில் குழந்தைக்குப் போவது மிக மிகக் குறைவு, தாயின் உயிருக்குத் தேவை என்றால் சிடி ஸ்கேனைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

2021-இல் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பிரசவ அவசரத்துக்குச் சீமாங்க் மையங்கள் தனியாக இருக்கின்றன. இரண்டும் நம்மிடம் இருக்க, அடிபட்ட கர்ப்பிணி வந்தால் இரண்டு டாக்டர்களும் ஒரே கட்டிலுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று சுகாதாரத் துறை ஓர் உத்தரவு போட்டால் என்ன? தனியார் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று வருகிறவர்கள் எல்லாரும் வழுக்கித்தான் விழுந்தார்களா? புருஷன் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண்ணும் வேறு பதில் சொல்லமாட்டாள். அவரை மாத்திரை வாங்க அனுப்பிவிட்டு நர்ஸம்மா தனியாகக் கேட்கட்டும், சொன்னதை ஏ.ஆர். புத்தகத்தில் (விபத்துப் பதிவேடு) அப்படியே எழுதட்டும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அவள் காதில் போட்டு அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்