மேல்மாடி மதாமின் காட்டேரிகள்

பரிஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதப் பிந்தியதற்கு வேறொரு காரணமும் இல்லை. உணவகத்தில் மாலை வேலையைக் குறைத்திருப்பதால் இப்போது ஓய்வு தாராளமாகக் கிடைக்கிறது, கவலைப்பட வேண்டாம்.

குளிர் கடுமையாகிவிட்டது. என் அறையில் ஹீட்டரை வீணாகப் போடுவானேன் என்று, இரவுகளில் மேல்மாடி மதாம் வீட்டில் படம் பார்க்கிறேன். நாடகக் கொட்டகைக்கு உடை தைத்து ஓய்வுபெற்ற அவருக்கு இரத்தக் காட்டேரிப் படங்கள் என்றால் உயிர். அதிலும் ஐரோப்பாவில் சொற்பக் காசில் எடுத்த பழைய படங்கள். ழான் ரொலன் என்ற பிரெஞ்சு இயக்குநரின் 1971ஆம் ஆண்டுப் படமொன்றில், நள்ளிரவானதும் ஆளுயர மணிக்கூட்டின் கதவைத் திறந்துகொண்டு காட்டேரிப் பெண் வெளியே வருகிறாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். மதாமும் சேர்ந்து சிரித்துவிட்டு, இனிக் கல்சுவரில் விழுந்திருக்கும் நிறங்களைப் பார் என்றார். அதன்பின் எனக்குக் கதை தேவைப்படவில்லை. ரொலனின் முதல் முழுநீளப் படம் 1968 மே மாதக் கலவரங்களுக்கு நடுவே இங்கே திரையிடப்பட்டபோது, சனம் ஆத்திரத்தில் கைக்கு அகப்பட்டதைத் திரையில் எறிந்ததாம்.

1957இல் வந்த இத்தாலியப் படமொன்றில் ஒரு சீமாட்டி நம் கண்முன்னே கிழவியாகிறாள். மாரியோ பாவா என்ற ஒளிப்பதிவாளர், நடிகையின் முகத்தில் சுருக்கங்களை நிறச்சாயத்தால் வரைந்து, விளக்கின் நிறத்தை மாற்றியே அவற்றை மறைத்தும் காட்டியும் இருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படமாதலால் சூது தெரிவதில்லை. பெல்ஜியக் கடற்கரை விடுதியில் நடக்கும் இன்னொரு படத்தில் டெல்பீன் செய்ரிக் என்ற நடிகை வெள்ளியாய் மின்னும் உடையில் வரும்போது, மதாம் படத்தை நிறுத்திவிட்டுத் தையலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். கோயில் வெளியில் விடிய விடியக் கூத்துப் பார்க்கையில், அரக்கன் வேடத்தில் ஆடுவது சீனியண்ணை என்று தெரிந்தும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வீர்களே, அந்த மனத்தோடுதான் இவற்றைப் பார்க்கவேண்டும். அம்மாவிடம் மட்டும் சொல்லாதீர்கள். உடனே நூல் மந்திரித்து அனுப்பிவிடுவார்.

ரொலன் திரும்பத் திரும்பப் படமெடுத்த கடற்கரையொன்று தியெப் நகருக்கு அருகில் இருக்கிறது. கூழாங்கற்கள், வெள்ளைப் பாறைச்சுவர், கடலுக்குள் இறங்கிச் செல்லும் மரக்கட்டைகளின் வரிசை. ஒரு தோணியோ ஒரு மனிதக் குரலோ இல்லை. பருத்தித்துறையில் மீன் வந்திறங்கும் நேரத்துச் சத்தம் எனக்குக் காதில் கேட்டது. படம் முடியுமுன்பே எழுந்து வந்துவிட்டேன். நான் காட்டேரிக்குப் பயந்துவிட்டேன் என்று மதாம் எண்ணியிருப்பார், அப்படியே எண்ணட்டும்.

அது கிடக்கட்டும். தங்கச்சியின் பேச்சுக்காலை என் வரவுக்காகப் பிற்போட வேண்டாம். சாதகம் பொருந்தினால் மேலே பேசுங்கள். இந்த மாதக் காசை அடுத்த மாதத்துடன் சேர்த்து அனுப்புகிறேன். இரண்டு தடவை அனுப்பினால் கூலி வீண். சீட்டுக்காரரிடம் அதுவரை தவணை கேளுங்கள். கிணற்றடி வேலியைப் பெரியம்மாவுடன் பேசாமல் அடைக்க வேண்டாம், எல்லைக் கதியால்களை யார் நட்டது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அன்புத் தம்பி