கட்டுரை எண்ணிக்கை மட்டும் அளவுகோல் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா மூன்றாம் இடத்தில் இருப்பதாக மேடைதோறும் பெருமையுடன் கூறப்படுகிறது. கூற்று உண்மைதான். ஆனால் அந்த எண் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைப் பல்கலைக்கழக நூலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற தரவுத்தளங்கள் தங்கள் பட்டியலில் உள்ள ஆய்விதழ்களை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. இந்தியா, ஜெர்மனி, ஜப்பான் ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூவர் கூட்டாக எழுதிய கட்டுரையை ஒவ்வொரு நாட்டின் கணக்கிலும் முழுதாக ஒன்று என வரவு வைப்பதும் உண்டு, மூன்றில் ஒரு பங்காகப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. ஹிக்ஸ் என்னும் அடிப்படைத் துகளின் நிறை குறித்து 2015இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இரு குழுக்கள் இணைந்து வெளியிட்ட கட்டுரைக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள்! எந்த முறையில் எண்ணினோம் என்று சொல்லாத தரவரிசையை எப்படி நம்புவது? ஒரு கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டும் மேற்கோள்களின் எண்ணிக்கையும் துறைக்குத் துறை வேறுபடும். மருத்துவக் கட்டுரைக்குச் சில ஆண்டுகளில் குவியும் மேற்கோள்கள் கணிதக் கட்டுரைக்குக் கிடைப்பதில்லை. எனவே, அந்தந்தத் துறையில் உலக அளவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் முதல் பத்து சதவீதக் கட்டுரைகளில் நம் பங்கு எவ்வளவு என்று பார்ப்பதே ஓரளவேனும் நியாயமான கணக்கு.

பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்த, ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளையும் கணக்கிடும் மதிப்பெண் முறைக்குப் பிறகு, பதவி உயர்வுப் படிவம் நிரப்பும் காலங்களில் நூலகத்துக்கு வந்த ஆசிரியர்கள் பலரும் கேட்டது, இதழுக்கு ஐ.எஸ்.எஸ்.என். எனும் பன்னாட்டு அடையாள எண் இருக்கிறதா என்பதைத்தான்; இதழின் தரத்தை அல்ல. ஒரே ஆய்வு முடிவு மூன்று கட்டுரைகளாகப் பிரிக்கப்பட்டதையும், பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரையை ஏற்கும் இதழ்கள் பெருகியதையும் வேதனையுடன் பார்த்தேன். கட்டுரை எண்ணிக்கையில் முன்னிலை பெற்ற சீனாவே, கட்டுரைக்கு ரொக்கப் பரிசு தரும் வழக்கத்தை நிறுத்துமாறு 2020இல் தன் பல்கலைக்கழகங்களுக்கு அறிவுறுத்தியது.

உலகளாவிய தாக்கம் என்றால் என்ன என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1956இல் இங்கு தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடி மருந்து உட்கொண்ட நோயாளிகளும், சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் நல்ல உணவும் ஓய்வும் பெற்ற நோயாளிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததை ஒப்பிட்டு நிறுவியது. வீட்டிலிருந்த நோயாளிகளால் குடும்பத்தினருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவில்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அதன் முடிவுகள் வெளியான பின், நோயாளியை மாதக்கணக்கில் படுக்கையில் வைத்திருக்கும் சிகிச்சை முறை உலகெங்கும் கைவிடப்படத் தொடங்கியது. தரவுத்தளத்தில் இது ஒரே ஒரு கட்டுரை. அதனால் படுக்கைக்காகக் காத்திராமல் சிகிச்சை பெற்றவர்களின் எண்ணிக்கை எந்த மேற்கோள் பட்டியலிலும் வராது.

ஆகவே, தரவரிசையை அறிவிக்கும்போது எண்ணும் முறை, துறைவாரியான பங்கு, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் விவரம் ஆகியவற்றையும், தங்கள் ஆய்வு எந்த மருத்துவ நெறிமுறையில், பயிர் ரகத்தில், தொழில்நுட்பத்தில் பயன்பட்டது என்பதையும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிட உயர்கல்வித் துறை ஆணையிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
திருச்சிராப்பள்ளி.