தலை இழுக்கப் பிடிக்காத பிள்ளையின் கதை: எழுதும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் சிறுமியைப் பற்றி நீங்கள் எழுதிய பாட்டுக் கதையை முழுவதும் வாசித்தேன். கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளின் கைகளில் இப்படியொரு படப் புத்தகம் இருக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனால்தான் அதன் முடிவை மாற்றும்படி கேட்டு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் கதையில், தலையில் காகம் கூடு கட்டிவிடும் என்று அம்மா வெருட்டுகிறார். அடுத்த பக்கத்திலேயே பிள்ளை அடங்கி உட்கார்ந்துவிடுகிறாள். அவளுக்கு உண்மையாகவே நோகிறது என்பதைக் கதையில் ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. முடிக்கு உணர்ச்சி இல்லைத்தான். ஆனால் ஒவ்வொரு முடியின் வேரைச் சுற்றியும் நரம்பு நுனிகள் இருக்கின்றன, சிக்கில் சீப்பு மாட்டும்போது இழுவை முழுவதும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. 7.30 மணிக்குப் பாடசாலை தொடங்கும் இந்த நகரத்தில், ஒழுங்கைக்குள் பாடசாலை வான் ஹோன் அடித்துக்கொண்டு நிற்க, இரட்டைப் பின்னலை அவசரமாகப் பின்னி முடிக்கும் வீடுகளில் எத்தனை கண்ணீர் சிந்தப்படுகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். முன்பள்ளியில் நித்திரையால் எழும்பும் சிறுமிகளுக்கு நான் தலை இழுத்துவிடுவதுண்டு. சீப்பு முடியில் படுவதற்கு முன்பே அவர்களுடைய தோள்கள் இரண்டும் காதுவரை உயர்ந்துவிடும், கண்கள் இறுக மூடிக்கொள்ளும். அந்தத் தோள்களை உங்கள் ஓவியர் வரையட்டும். அந்தப் பக்கத்தில் ஒரு வரியும் தேவையில்லை.

ஆகவே, பிள்ளை மாறுவதற்குப் பதிலாக அம்மாவின் கை மாறட்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுக்காமல் நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவதையும், சிக்குக்குச் சற்று மேலே முடியை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வதையும், அப்படிப் பிடித்தால் இழுவை வேரை எட்டாமல் விரல்களிலேயே நின்றுவிடுவதையும் படங்களிலேயே காட்டலாம். பல் அகன்ற சீப்பும் சொட்டுத் தேங்காயெண்ணெயும் ஒரு மூலையில் இருந்தால் போதும். வாசித்துக்காட்டும் தாய்க்கும் அதில் ஒரு செய்தி கிடைக்கும், யாரும் அவருக்குப் பாடம் நடத்தியதாக இராது.

இனி ஓசை. நீங்கள் வரிக் கடைசியில் வரும் இயைபையே நம்பியிருக்கிறீர்கள். ஓடினாள், ஆடினாள், தேடினாள் என்று தமிழ் வினைகள் தாமாகவே ஒன்றுபோல முடிவதால், இரண்டு பக்கங்களுக்குள் அது சலித்துப்போகிறது. பிள்ளையின் நாவில் வரியை ஒட்டவைப்பவை, வரித் தொடக்கத்தில் வரும் மோனையும் எதுகையும்தான். இயைபு அவற்றுக்குத் துணையாக வரட்டும். நான் எழுதிப் பார்த்த இரண்டு வரிகள்:

அம்மா, மெல்ல! அங்கே நோகும்;
சும்மா இழுத்தால் சிக்கா போகும்?

இவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் உரக்கச் சொல்லிப் பாருங்கள். சீப்பு ஓடுவதும் தடைப்படுவதும் அடியின் நடையிலேயே கேட்கவேண்டும் என்பதே என் ஆசை.

நீளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அச்சுத் தாள் பெரும்பாலும் 16 பக்கங்களாக மடிக்கப்படுவதால் படப் புத்தகங்கள் வழக்கமாக 32 பக்கங்களில் அமைகின்றன. தலைப்பும் பதிப்பு விபரமும் இடம்பிடித்த பிறகு கதைக்கு 13 அல்லது 14 இரட்டைப் பக்கங்கள்தான் மிஞ்சும். பக்கத்துக்கு ஆறு வரி என்பது அதிகம். சிறுமி ஒளியும் இடங்களை அடுக்கும் பகுதியைத் தயங்காமல் வெட்டுங்கள், ஆனால் அம்மம்மா வரும் பக்கத்தைத் தொடவேண்டாம்.

திருத்திய பிரதியைப் படங்கள் இல்லாமலே அனுப்புங்கள். முன்பள்ளியில் வாசித்துக்காட்டி, எந்தெந்த இடத்தில் பிள்ளைகள் எனக்கு முன்னால் அடுத்த சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள் என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் அக்கா