எனக்குக் களைப்பில்லை

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் வந்து பத்து நாளாகிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். போலந்தில் நடந்த உன் சிநேகிதன் கல்யாணத்தில் என் சார்பில் நீ மூன்று பதில் சொன்னாய். அதில் ஒன்றுதான் சரி.

முதலில் புடவையைச் சொல்ல வேண்டும். நான் எடுத்து வைத்திருந்தது சந்தன நிறப் புடவை. அது அங்கே வெள்ளையாகத்தான் தெரியும், வெள்ளை மணப்பெண்ணுக்கு மட்டும் என்று நீ தடுத்துவிட்டாய். குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கொண்டுவந்த அரக்குப் பட்டு ஒன்றுதான் பெட்டியில் மிச்சம். அப்பா போன பிறகு அதைக் கட்டியதே இல்லை. கிராக்கூவிலிருந்து அந்தக் கிராமம் வரை காரில் முந்தானையைப் பிடித்தபடியே வந்தேன். நீ சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாய்.

ஆகஸ்ட் முதல் வாரம், நமக்கு நட்ட நடு ஆடி. அவர்களுக்கோ அது ராசியான மாதம். மாதத்தின் பெயரில் 'ர்' (r) எழுத்து இருந்தால் நல்லது, ஆகஸ்ட்டுக்கு 'ஷெர்ப்பியென்', அதில் இருக்கிறது என்றாய். பூப்பூக்கும் மே மாதம் 'மாய்', அதில் இல்லை, ஆகவே பலர் தவிர்ப்பார்களாம். ஆடியை ஒதுக்கும் நாம் அதைப் பார்த்துச் சிரிக்க முடியுமா?

பெண் வீட்டில் நடந்த ஆசீர்வாதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கோவிலுக்குக் கிளம்பும் முன் இருவரும் பெற்றவர்கள் முன்னால் மண்டியிட்டார்கள். புனித நீர் தெளித்து, நெற்றியில் சிலுவைக் குறி இட்டார்கள். பெண்ணுக்கு அப்பா அம்மா இருவரும் இருந்தார்கள். பையன் பக்கம் அந்த அம்மா மட்டும்தான். அவளுக்கும் என்னைப் போலத்தான் என்பதை நீ முன்பே சொல்லியிருக்கலாம்.

வழியில் ஊர்க்காரர்கள் சாலைக்குக் குறுக்கே கயிறு கட்டி, வோட்கா பாட்டில் கொடுத்தால்தான் வழி என்று மறித்தது நல்ல கூத்து. தேவாலயத்தில் பாதிரியார் தன் தோள் பட்டையை இருவர் கைகளிலும் சுற்றினார், வலது கையில் மோதிரம் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். வாசலில் அரிசியும் சில்லறையும் எறிந்தார்களே, அது நம் அட்சதை மாதிரி. ஆனால் சில்லறை முழுவதையும் மணமக்களே குனிந்து பொறுக்க வேண்டும்! என் பர்ஸில் கிடந்த ஒரு ரூபாயையும் எறிந்தேன். மாப்பிள்ளை அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மண்டப வாசலில் ரொட்டியும் உப்பும் ஏந்தி அவர்களை வரவேற்றவள் அந்த அம்மா. நம் ஊரில் ஆரத்தித் தட்டை என் கையில் யாரும் தர மாட்டார்கள். நானும் போய்க் கேட்க மாட்டேன், தூணோரம் நின்றுகொள்வேன். அங்கேயும் அப்படித்தான் பின்னால் நின்றிருந்தேன். அவள் தட்டோடு எட்டிப் பார்த்து, தலையை அசைத்து முன்னால் கூப்பிட்டாள். மணமக்கள் குடித்த கண்ணாடிக் கோப்பைகளைத் தோளுக்குப் பின்னால் வீசியபோது ஒரு துண்டு என் செருப்பருகே வந்து விழுந்தது. ஐயோ, கண்ணாடி உடைந்ததே என்று நான் பதற, எல்லோரும் கை தட்டினார்கள்.

மேசையில் உட்கார்ந்ததும் சின்னக் கோப்பையில் வோட்கா ஊற்ற வந்தார்கள். "அம்மா குடிக்க மாட்டாள்" என்றாய். சரியான பதில் அது ஒன்றுதான். பழங்களை வேகவைத்த கொம்ப்போட் எனக்குப் போதும். சனிக்கிழமை என்று நான் கோழி சூப்பைத் தொடாததால் பக்கத்துப் பெண்மணி கவலைப்பட்டு, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. எட்டு சாப்பிட்டேன், நீ ஆறுதான் பார்த்தாய். "கொஷ்கோ, கொஷ்கோ" என்று சபையே கத்தியது. கசக்கிறது, கசக்கிறது என்று பொருளாம், மணமக்கள் முத்தமிட்டால்தான் இனிக்குமாம். நீ அதை மட்டும் எனக்கு மொழிபெயர்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எதிரில் இருந்த கிழவர்தான் நாக்கை நீட்டி முகத்தைச் சுளித்துக் காட்டினார்.

மொய்யை உறையில் போட்டு மணமக்கள் கையிலேயே கொடுத்ததும் எனக்குப் பிடித்தது. நோட்டுப் போட்டு எழுதுவதில்லை, மைக்கில் வாசிப்பதும் இல்லை.

அப்புறம் அந்த அம்மா ஆடக் கூப்பிட்டாள். "அம்மா ஆட மாட்டாள்" என்று முந்திக்கொண்டாய். உன்மேல் மட்டும் தப்பில்லை. நாலு வருஷமாக எந்த விசேஷத்துக்கு அழைத்தாலும் நீங்கள் போய் வாருங்கள் என்று சொல்லி உன்னைப் பழக்கியவள் நான்தான். ஆனாலும் அன்று அவள் கை நீட்டினாள், நானும் பாதி எழுந்திருந்தேன். நீ சொன்னதும் உட்கார்ந்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு "அம்மாவுக்குக் களைப்பு" என்று சாவியை எடுத்தாய். பன்னிரண்டு மணிக்குத்தான் மணப்பெண்ணின் முக்காட்டை எடுக்கும் ஒச்செப்பினி சடங்காம், சூடாக பீட்ரூட் சூப்பாம், விடியற்காலை நாலு வரை ஆட்டமாம். உன் சிநேகிதன் அனுப்பிய வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மறுநாள் மிச்சச் சாப்பாட்டோடு கூடும் பொப்ராவினிக்கும் அழைத்தார்கள் என்பதை விமானத்தில்தான் சொல்கிறாய்! எனக்குக் களைப்பே இல்லை தம்பி. அன்றிரவு உன் வீட்டில் இரண்டு மணி வரை விழித்திருந்தேன், பட்டைக் கூட மாற்றவில்லை.

அந்த அம்மாவுக்கு இன்னொரு பெண் இருக்கிறாள். வரும் ஜூனில் கல்யாணம் என்று போனில் நாள்காட்டியைக் காட்டி, என்னை நோக்கி விரலை நீட்டினாள். ஜூனுக்கு அவர்கள் மொழியில் 'செர்வியெத்ஸ்' என்று அன்று நீதான் சொன்னாய், அதிலும் 'ர்' இருக்கிறது. விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதி அனுப்பு. டிக்கெட் போடும்போது ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துப் போடு.

அம்மா