நகர மையத்தில் சொகுசு விடுதி: தண்ணீர் எங்கிருந்து வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ். நகரின் நடுவில் இன்னுமொரு சொகுசு விடுதி எழும்பப் போகிறது என்று எங்கும் கதை அடிபடுகிறது. எத்தனை மாடி, நீச்சல்குளம் மேலேயா கீழேயா என்றெல்லாம் ஆட்கள் பேசுகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள் என்று ஒருவரும் கேட்கக் காணேன்.

விடுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2014 இல் ரயிலும் 2019 இல் பலாலி விமான நிலையமும் மீண்டும் இயங்கத் தொடங்கிய பின், நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு வேலையும் வேண்டும்.

ஆனால் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நாங்கள் அள்ளுவது அதைத்தான். நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால் உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேறும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. நகரமோ கடல்நீரேரிக் கரையில் இருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் சில வருடங்களுக்கு முன் ஒரு தங்குமிடத்தார் ஆழமாகக் குழாய்க்கிணறு அடித்து இரவுபகலாக இறைத்தார்கள். இரண்டாம் கோடையில் எங்கள் வளவுக் கிணறு சவராகிவிட்டது. அயலவர்கள் குடத்தோடு வந்து அள்ளிப்போன நல்ல தண்ணீர்க் கிணறு அது. அம்மா அந்தத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கோப்பையைக் கீழே வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது குடிக்கப் போத்தல் தண்ணீர்தான்.

99 அறைகளுக்கு மேற்பட்ட விடுதிக்கே சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்கிறது 1993 ஆம் ஆண்டு வர்த்தமானி. 60, 70 அறைகளோடு கட்டினால் அது தேவையில்லை. அறை குறைந்தால் உறிஞ்சுவது நின்றுவிடுமா? கழிவுநீர் விடயமும் இதே. வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் மலக்குழி வெட்டினால் அது அடுத்த வளவுக் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டதே, குழாய்நீர் எடுப்பார்கள்தானே என்பார்கள். நல்லது, எடுக்கட்டும். அப்படியானால் குழாய்க்கிணறு அடிப்பதில்லை என்று அனுமதிப் பத்திரத்திலேயே எழுதுவதற்கு என்ன தடை? கழிவுநீரை வளவுக்குள்ளேயே சுத்திகரிப்பதையும் கூரைமழையை நிலத்துக்குள் இறக்குவதையும் அதே பத்திரத்தில் நிபந்தனையாக்கலாம்.

மாநகர சபையிடம் கேட்பது இதுதான்: அத்திவாரம் வெட்டுமுன் சுற்றியுள்ள கிணறுகளின் உப்பின் அளவை எடுத்து, சபை வாசலில் ஒட்டுங்கள். பிறகு ஒவ்வொரு கோடையிலும் அளந்து ஒட்டுங்கள். அயலவர்களுக்குக் கையில் ஓர் ஆதாரமாவது இருக்கும். எங்கள் கிணறு கெட்டபோது, முன்பு அது நல்ல தண்ணீராக இருந்தது என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை.

இப்படிக்கு,
வண்ணார்பண்ணை வாசகர் ஒருவர்