ஒன்பதாம் வகுப்பிலேயே பேச வேண்டிய பேச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள், பார்வையில்லாத மாணவரோ நடக்க முடியாத மாணவியோ நல்ல மார்க் எடுத்தால் படத்தோடு செய்தி போடுகிறீர்கள். சந்தோஷம்தான். அந்தப் பிள்ளைகள் ஜூன் மாதம் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் விசாரித்துப் போட்டால் நன்றாக இருக்கும். கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். மே மாதக் கூட்டத்தில் இவர்களும் வந்து நிற்பதால் எழுதுகிறேன்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் இவர்களுக்கு 5 சதவீத இடம் உண்டு, வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. இது ஓரளவு தெரிந்த விஷயம். பலருக்கும் தெரியாதது, அந்த இடங்களுக்கான கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும் என்பது. அரசு கலைக் கல்லூரி என்றாலும் சரி, இன்ஜினியரிங் என்றாலும் சரி, சிறப்பு ஒதுக்கீடுதான் முதலில். ஆக, அதிகம் அலைய வேண்டியவர்களுக்குத்தான் கையில் இருக்கும் நாள் குறைவு.

போன வருடம் ஒரு அம்மா மஞ்சப்பையிலிருந்து மகளின் ஊனச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். மூளை முடக்குவாதம். அதில் ஒட்டியிருந்த போட்டோவில் அந்தப் பெண் முன்பல் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே ‘தற்காலிகம், 5 ஆண்டுகள்’ என்று பேனாவில் எழுதியிருந்தது. காலாவதியாகி எத்தனையோ வருடம். சரி, யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்றால் ஆதாரில் இன்ஷியல் பெயருக்குப் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால். பரிசோதித்துச் சான்று தரும் மருத்துவர்கள் உட்காருவது வாரத்தில் ஒரு நாள். எல்லாம் சேர்ந்து வருவதற்குள் கலந்தாய்வு முடிந்துவிட்டது. வணிகவியலில் நல்ல மார்க் எடுத்திருந்த பெண். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம் தம்பி” என்று அந்த அம்மா கிளம்பிப் போனார். பள்ளியில் அவள் படித்த காலமெல்லாம் அந்தத் தாளில் உள்ள தேதியை யாருமே பார்க்கவில்லையா என்பதுதான் என் ஆற்றாமை.

பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. பார்வையில்லாத பையன் என்றால் அவனைக் கேட்காமலேயே வரலாற்றுப் பிரிவில் போட்டுவிடுகிறார்கள். காது கேளாத பிள்ளைக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு கிடைக்கிறது. பாஸாக அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு எந்தப் படிப்புக்குப் போகப் போகிறான், அங்கே அந்த மொழி தேவைப்படுமா என்ற பேச்சே அப்போது எழுவதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதவர்களுக்கென்றே பி.காம், பிசிஏ வகுப்புகள் நடப்பது ஒரு அப்பாவுக்கு என் கடையில் நின்றபோதுதான் தெரிந்தது. அதுவும் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் சொல்லி. மகனுக்கு அதை செல்போனில் டைப் செய்து காட்டினார். அவன் வேகவேகமாகச் சைகையில் ஏதோ கேட்டான், அப்பாவுக்குப் பிடிபடவில்லை. போனை வாங்கி ‘ஹாஸ்டல் இருக்கா’ என்று அவனே எழுதினான்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பாடு வேறு. 18 வயது வரை வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் பார்த்துக்கொள்கிறார், பிசியோதெரபி நடக்கிறது. அப்புறம் வீடுதான். 18 முடிந்தால் சட்டப்படி மேஜர். அவனுக்காகக் கையெழுத்துப் போட அம்மாவாகவே இருந்தாலும், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழுவிடம் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். பேங்க்கில் திருப்பி அனுப்பிய பிறகுதான் பெற்றவர்களுக்கு இது தெரிகிறது. சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில்சேவை மையம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து யார் தினமும் கூட்டிப்போய் வருவது?

புதிதாகத் திட்டம் எதுவும் கேட்கவில்லை. எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளை என்ற பட்டியல் சிறப்பாசிரியர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையையும் பெற்றோரையும் உட்கார வைத்து ஒரு தாளில் எழுதட்டும்: என்ன படிக்க ஆசை, அதற்கு எந்தக் குரூப், எந்தக் கல்லூரி, அங்கே சாய்தளமும் போகக்கூடிய கழிப்பறையும் உண்டா, சான்றிதழ் எந்த வருடம் முடிகிறது. கல்லூரிக்குப் போகாத பிள்ளை என்றால் 18-க்குப் பிறகு பகலில் எங்கே இருப்பான், என்ன வேலை பழகுவான். வருடத்துக்கு ஒரு முறை அந்தத் தாளை எடுத்துப் பார்த்துத் திருத்தினால் போதும். பதிலைப் பிள்ளையிடமே கேட்க வேண்டும். என் கடையில் நான் பிள்ளையைப் பார்த்துக் கேட்டால் அப்பாதான் பதில் சொல்கிறார். நான் முதல்வன் திட்டத்தில் அடுத்து என்ன படிக்கலாம் என்று வழிகாட்ட ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சி நடத்துகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் அது பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. இந்தப் பிள்ளைகளுக்கு அதற்குள் நேரம் தாண்டிவிடுகிறது.

இதைப் படிக்கும் பெற்றோர் யாராவது இருந்தால், பீரோவைத் திறந்து சான்றிதழின் தேதியை ஒரு தடவை பாருங்கள். பெயர் திருத்தம் இருந்தால் டிசம்பரிலேயே வந்துவிடுங்கள். மே கடைசியில் சர்வர் சுற்றிக்கொண்டே நிற்கும், நானும் சிடுசிடுவென்றுதான் பேசுவேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
புதுக்கோட்டை.
(பெயர் வேண்டாம்.)